ஈரக்களம்

மலைமேல் இருந்த அந்த ஊரில், ஹெலிகாப்டர் இறங்கத்தக்க சமதளம் கேழ்வரகு அடிக்கும் களம் ஒன்றுதான். சென்ற மாதம் நோயாளி ஒருவரை ஏற்றிச்செல்ல வந்த ஹெலிகாப்டர், தன் விசிறிக் காற்றே கிளப்பிய செம்புழுதியில் தரை தெரியாமல் வெறுமனே திரும்பிப்போனது. மறுபடியும் அவ்வாறு நேர்ந்தால் இந்த ஊருக்கென்று இனிச் செலவு செய்ய இயலாது என மருத்துவத் துறையினர் தெரிவித்திருந்தனர். இன்று மாதம்மாளின் மகள் செவந்தி, வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடக்க, கட்டிலில் துடித்துக்கொண்டிருந்தாள்; ஹெலிகாப்டர் கிளம்பிவிட்டதாகத் தகவலும் வந்திருந்தது. மாதம்மாள் தம் வீட்டுக் குடிநீர்க் குடத்தைத் தூக்கிவந்து, வாசல் தெளிப்பதைப் போலவே களம் தெளிக்கத் தொடங்கினார்.

“ஊத்துக்குப் போய்வர அரை நாளாகுமேக்கா, சோறாக்க என்ன பண்ணுவ?” என்றாள் பக்கத்து வீட்டு ருக்கு.

“ஒரு வேளை திங்கலன்னா நீ ஒண்ணும் இளைச்சிட மாட்ட. உன் குடத்தயும் எடுத்தாடி!”

ருக்கு சிரித்துக்கொண்டே ஓடினாள். சற்று நேரத்தில் ஊரின் குடங்கள் அனைத்தும் களத்தில் கவிழ்ந்தன.

ஹெலிகாப்டர் இறங்கியது. ஒரு பிடி மண்கூட எழும்பவில்லை. செவந்தியைப் பத்திரமாக உள்ளே ஏற்றினார்கள். வியர்த்திருந்த விமானி, “அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்று கேட்டார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். வந்தவரிடம் தண்ணீர் இல்லையென்று சொல்லும் வழக்கம் அவ்வூரில் இல்லை. மாதம்மாள் தலை நிமிர்ந்து சொன்னார்:

“அது மேலதாங்க சார் நிக்கறீங்க.”