எட்டு மணி மெசேஜ்

பழமலைநாதனைக் கொன்றது நான்தான் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் சேரன் கம்மாபுரத்துக்கு வந்திருந்தான். வந்த இடத்தில் பூங்கோதை கையில் டீயைக் கொடுத்துவிட, வந்த விஷயத்தைச் சொல்லாமல் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஆபீஸுலேர்ந்து ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீங்களாவது வந்தீங்களே தம்பி" என்றாள் பூங்கோதை. புருஷன் போய் இரண்டு மாதமாகியும் அவள் குரல் தேறவில்லை.

வாசலில் அவள் மகளின் சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தான் காத்தவராயன். பழமலைநாதனோடு கம்பெனியில் ஒரே சூளையில் வேலை பார்த்தவன். சாவு விழுந்த நாளிலிருந்து இந்த வீட்டுக்கு ரேஷன் வாங்குவது, கேஸ் தூக்கிவருவது எல்லாம் அவன்தான். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று ஊரே பேசியது.

சேரன், விருத்தாசலம் செராமிக் பேட்டையில் பீங்கான் பியூஸ் கேரியர் செய்யும் கம்பெனியின் கம்ப்யூட்டர் ஆள். அங்கே கேட்டில் உள்ள மெஷினில் தொழிலாளி தன் கார்டை வைத்தால், 'பணிக்கு வந்து சேர்ந்தார்' என்று வீட்டுக்கு ஒரு மெசேஜ் போகும். வீட்டில் உள்ளவர்களுக்கு நிம்மதி, முதலாளிக்குப் பெருமை.

பழமலைநாதன் இறந்த அன்று காலையில் சேரன் வருகை டேட்டாபேஸைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கிளவுடுக்கு மாற்றிக்கொண்டிருந்தான். ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க, முந்தின நாள் வருகையையே கிளவுடில் மறுபடி ஓடவிட்டான். ஓடவிடும் முன்பு, மெசேஜ் அனுப்புவதை நிறுத்தினானா? நிறுத்தியதாகத்தான் நினைப்பு. சத்தியம் செய்யச் சொன்னால் செய்யமாட்டான்.

மத்தியானம் தகவல் வந்தது. வேலைக்கு வரும் வழியில் வண்டி சறுக்கி, முள்ளுச்செடி மறைவில், வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்திருக்கிறார் பழமலைநாதன். ஒரு மணி நேரம் முன்னால் தூக்கிவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றாராம் டாக்டர். வீட்டில் யாரும் தேடவில்லையா என்று கேட்டால், அவர் வேலைக்கு வந்து சேர்ந்துவிட்டதாக மெசேஜ் போயிருக்கிறது.

அந்த மெசேஜ் மெஷினிலிருந்து போனதா, தன் சோதனையிலிருந்து போனதா என்பது அன்றைய பதிவைத் திறந்தால் தெரிந்துவிடும். திறக்கத்தான் சேரனுக்கு நெஞ்சில்லை. அந்த ஒரு நாளை மட்டும் கிளவுடிலிருந்து நீக்கினான், பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க்கையும் துடைத்துவிட்டான்.

"மாத்தும்போது ஒரு நாள் டேட்டா போயிடுச்சு சார்" என்றான். கிளவுடு என்றாலே மேனேஜருக்கு ஒரு பயம். அதனால் அவர் மறுகேள்வி கேட்கவில்லை. வேலை நல்லபடியாக முடிந்ததென்று ஆபீசில் கேக் வேறு வெட்டினார்கள். சேரன் தன் துண்டைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டான்.

"அவரு யூனிபாரத்தத் தொவைச்சு வச்சிருக்கேன் தம்பி, எடுத்துட்டுப் போயிடுங்க" என்றாள் பூங்கோதை. "கம்பெனி கார்டுதான் எங்கன்னே தெரியல. ஆஸ்பத்திரில செல்லு, பர்ஸு, டிபன் பாக்ஸு எல்லாம் குடுத்தாங்க. அது மட்டும் இல்ல."

"கார்டு கெடக்குதுக்கா. அதுவா இப்ப முக்கியம்?" என்றான் சேரன்.

"டீக்கடையில நின்னு ஊர்க்கதை பேசாம வேலைக்குப் போன ஆளா அவரு? எப்பிடித்தான் நேரத்துக்குப் போய்ச் சேருவாரோ, மெசேஜு மட்டும் எட்டு மணிக்கு டாண்ணு வந்துடும்." லேசாகச் சிரிக்கப் பார்த்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அன்னிக்கும் வந்துச்சு தம்பி. அத நம்பி, நான் ஒரு போன்கூடப் போடல. அவர வாய்க்கால்ல கெடக்க வுட்டுட்டு, வூட்டுல உக்காந்து டிவி பாத்துட்டு இருந்திருக்கேன். நான்லாம் ஒரு பொண்டாட்டியா?"

வாசலில் செயின் சத்தம் நின்றது.

அதற்குமேல் சேரனால் தாங்க முடியவில்லை. செய்தது ஒருத்தன், அதைச் சுமப்பது இவளா என்று அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. டம்ளரைக் கீழே வைத்தான்.

"அக்கா, தப்பு உங்க மேல இல்ல. அந்த மெசேஜு என்னாலதான் வந்துச்சு." சோதனை செய்ததிலிருந்து டிஸ்க்கைத் துடைத்தது வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டான். "மாட்டிக்குவேன்னு பயந்துட்டேன்கா. நாளைக்கே மேனேஜர்கிட்டயும் சொல்லிடுறேன். வேலை போனாலும் பரவால்ல."

பூங்கோதை எழுந்தாள். அவன் பாதி குடித்து வைத்திருந்த டம்ளரை எடுத்து முற்றத்தில் கவிழ்த்தாள்.

"எளுந்து போயிடுங்க தம்பி. எம் பொண்ணு வர்ற நேரம். அவ இதக் கேக்க வேணாம்."

அவள் கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திருக்காது. செருப்பைத் தேடிக் காலை நுழைத்தான். வாசலைத் தாண்டப் போனவனை, கிரீஸ் கையோடு வழிமறித்தான் காத்தவராயன்.

"அவரப் போவச் சொல்லாதீங்க அண்ணி."

சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்துப் பூங்கோதையிடம் நீட்டினான். அதில் பழமலைநாதன் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் லேட்டா வந்தா ஆப்சென்ட் வுழுந்துடக் கூடாதுன்னு, அன்னிக்கும் நான்தான் அண்ணி மெஷின்ல கார்டை வச்சேன்."