தேயிலைப் பெட்டிக்குள் ஆறு எண்கள்

வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேனைப் பூவராகவன் தேயிலைப் பெட்டியின் பக்கம் திருப்பி வைத்தான்.

எழுபத்தெட்டாம் வருஷக் கத்திரி வெயில். ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் அறை தண்ணீருக்கடியில் இருப்பது போல மங்கிக் கிடந்தது. கடப்பாக்கத்துக் கடல் எங்கோ தூக்கத்தில் புரள்வது போல் இரைந்தது.

பெட்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கப்பலில் வேலை பார்க்கும் மைத்துனன் கொண்டுவந்து கொடுத்த ஒற்றைப் பச்சைப் பலகை. மூடி கிடையாது, கரண்ட் கொடுக்க வழி கிடையாது. ஓரத்தில் ஆறு எண்கள் சிவப்பாக எரியும், அவ்வளவுதான்.

ரேடியோ ரிப்பேர் பார்க்கிற கை சும்மா இருக்குமா?

உப்புக்காற்று படாமலிருக்கத் தேயிலைப் பெட்டியில் அதைக் குடிவைத்தான். கரண்ட் போனால் உள்ளே ஏற்றிய கணக்கெல்லாம் அழிந்துபோகும் என்று லாரி பேட்டரியில் இணைத்தான். பன்னிரண்டு வோல்ட்டை ஐந்தாகக் குறைக்கும் சின்ன உறுப்பு தொட முடியாமல் கொதித்தது. அதை ஒரு அலுமினிய இட்லித் தட்டில் வைத்துத் திருகினான்.

போதவில்லை. நேற்று இரண்டு முறை சூட்டில் மூளை கலங்கி, எண்கள் கண்டபடி எரிந்தன. பலகையிலிருந்த பொத்தான்களில் கணக்கை மறுபடி முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றினான்.

அவன் மனைவி தெய்வநாயகிக்கு ஒன்பதாம் மாதம். வாசலுக்கு முதுகு காட்டிப் பாயில் ஒருக்களித்துப் படுத்தபடி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரவிக்கை வேர்வையில் ஒட்டிக் கிடந்தது.

மனசு கேட்காமல் அவன் ஃபேனை அவள் பக்கம் திருப்பினான்.

அவள் காலை நீட்டி, கட்டைவிரலால் அதை மறுபடி பெட்டியின் பக்கமே தள்ளினாள்.

தலையில் மீன்கூடையும் இடுப்பில் கைக்குழந்தையுமாக வந்த அடுத்த வீட்டுக் காசியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இன்னா அண்ணாத்த, புள்ளத்தாச்சிக்கு வேர்த்து ஊத்திகினு கீது, நீ பொட்டிக்குக் காத்து வுட்டுகினு கீற?"

பூவராகவன் பெட்டியருகே குனிந்தான். பெட்டியின் மேல் கட்டியிருந்த மைக்கையும் எண்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

அலை இரைந்தது. எண்கள் எரியவில்லை. கூரையில் காக்கை கரைந்தது. அப்போதும் எரியவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

காசியம்மாள் குழந்தையைப் பாயின் ஓரத்தில் கிடத்திவிட்டு, கூடையை இறக்க வாசலுக்குத் திரும்பினாள்.

தெய்வநாயகியின் முதுகுக்குப் பின்னால் குழந்தை வீறிட்டது.

ஆறு எண்களும் ஒருசேரப் பற்றிக்கொண்டன. அவள் முகத்தில், கழுத்தில், வயிற்றில் சிவப்பு விழுந்தது.

தாய்க்காரி ஓடி வருவதற்குள் தெய்வநாயகி கையூன்றி எழுந்து, புரண்டு திரும்பி, குழந்தையை அள்ளித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

காசியம்மாள் பாயருகே வந்து நின்றாள்.

"பொறந்ததுலேர்ந்து காது கேக்காத பொண்ணு... கொழந்த அழுவுறது இதுக்கு எப்டி அண்ணாத்த தெரிஞ்சிது?"

அவன் வாயைத் திறப்பதற்குள், குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே, தெய்வநாயகி பெட்டியைக் கை நீட்டிக் காட்டினாள்.