ஏழாவது வளைவு

என் பல்செட்டின் மேல் ஆணை, இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

செத்துப்போன பைக் சாம்பியன் சகாயத்தின் திறமை முழுவதையும் ஏற்றிய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, தமயந்தி பந்தயப் பாதையில் வளைவுகளைப் பழகினாள். உடம்பு தானாகச் சாய்ந்து திரும்பியது. ஏழாவது வளைவில் மட்டும் ஜாக்கெட் வேகத்தைக் குறைத்து, அவள் இடது கையைத் தூக்கி ஆட்டியது. நாளை தகுதிச் சுற்று. அவளுக்கோ ஒன்றும் புரியவில்லை. வண்டியை நிறுத்தி, ஓரத்தில் தூக்குவாளியோடு உட்கார்ந்திருந்த அம்மாளிடம் கேட்டாள்.

"எனக்குத்தான் கை காட்டுறாரு," என்றாள் சகாயத்தின் மனைவி.

"நாளைக்கு மட்டும் வராம இருங்கக்கா."

"நான் வரலைன்னா வண்டிய நிறுத்திட்டுத் தேடுவாரேம்மா."

மறுநாள் தமயந்தி அவளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓட்டினாள். ஏழாவது வளைவில் கை எழவே இல்லை, முதலாவதாக வந்தாள்.

அந்தப் பாதையில் மொத்தமே ஆறு வளைவுகள்தான்.