மறுசோதனை

தையல் கடையின் பின்னறையில் அண்ணி பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். விரல் மூட்டுகள் கோலிக்குண்டுகளாக வீங்கியிருந்தன.

நாத்தனாரைக் கண்டதும் ஊசியைத் துணியில் செருகி வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

நாத்தனாருக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பதினோரு வருடத்துக்கு முன், அண்ணியின் ரத்தத்தில் அந்த நோய் இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டவள் அவள்தான்.

வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற நோய். அண்ணனுக்கு அது இல்லை. அப்படியென்றால் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று வீடே கேட்டது. அந்த மாதமே அண்ணி பெட்டியோடு படியிறங்கினாள். மறுவருடம் அண்ணன் வேறு கல்யாணம் செய்துகொண்டான்.

போன வாரம் ஒரு பயிற்சி வகுப்பில்தான் நாத்தனாருக்குத் தலையில் இடி விழுந்தது.

அந்தக் கிருமியின் மேலுள்ள ஒரு புரதம், நம் ரத்தத்தில் நோயை எதிர்க்கிற புரதத்தைப் போலவே இருக்குமாம். மூட்டுவாதம் உள்ள சிலரின் ரத்தம் தன் சொந்தப் புரதத்தையே எதிரியென்று பிடித்துக்கொள்ளும். சோதனையில் வைக்கிற கிருமிப் புரதத்தையும் அதே போலப் பிடித்துக்கொள்ளும். இல்லாத நோய் இருப்பதாகக் காட்டும்.

அண்ணிக்குக் கல்யாணமான புதிதிலேயே மூட்டுவலி உண்டு.

மூன்று நாள் நாத்தனாருக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் ஊசியையும் குழாயையும் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"தப்பு என்னோடது அண்ணி. மறுபடி ரத்தம் எடுத்துப் பாக்கலாம். அண்ணன் முன்னாடி நானே கொண்டுபோய் வைக்கிறேன்."

அண்ணி அழவில்லை. நூல்கண்டுகள் கிடந்த இழுப்பறையின் அடியிலிருந்து, மடிப்பில் கிழிந்துபோன ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

வேறொரு பரிசோதனைக் கூடத்தில் வேறு முறையில் சோதித்த தாள். நோய் இல்லை என்றிருந்தது. தேதி, நாத்தனார் கையெழுத்துப் போட்டதிலிருந்து பத்தாம் நாள். பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் அண்ணனின் கையெழுத்து.

"ரெண்டு பேரும் சேந்து போய்த்தான் வாங்கினோம். வாசல்லயே நின்னு படிச்சார். 'இத யாருக்கும் காட்டாத'ன்னு சொல்லிட்டு, முன்னாடி நடந்து போயிட்டார்."

நாத்தனார் தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "என்கிட்டயாவது காட்டியிருக்கலாமே அண்ணி..."

அண்ணி அவளை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"அவர் கேட்டுத்தான் நீ அப்படி எழுதிக் குடுத்தேன்னு நெனச்சேன்."