கொன்னது வக்கீல்தான்

“நானூத்தி எண்பது பக்கம்! ரெண்டே நாள்ல படிச்சு முடிச்சுட்டானாம்! யார் காதுல பூ சுத்தறான்?”

பேராசிரியர் இவ்வளவு சத்தமாகப் பேசுவது நூலகத்தில் மட்டும்தான். வீட்டில் அவருக்கு அந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. ஓய்வுபெற்று ஆறு வருடமாகிறது. இன்னமும் அவரை ‘சார்’ என்று கூப்பிடுவது இந்தக் கட்டடம் ஒன்றுதான்.

“மெதுவா சார்” என்றார் நூலகர் அம்மாள்.

அவர் மேஜைமேல் ‘இந்த ஆண்டின் சிறந்த வாசகர்’ பட்டியல் கிடந்தது. முதலிடம் லிஃப்ட் மெக்கானிக், இருநூற்றுப் பதினோரு புத்தகம். இரண்டாமிடம் பேராசிரியர், நூற்று நாற்பது.

கோப்பை, பணமுடிப்பு என்று பரிசெல்லாம் ஒன்றும் பிரமாதமில்லை. ஒரு சான்றிதழ். கூடவே, ஒரு வருடத்துக்கு ஒரே தடவையில் பத்துப் புத்தகம் எடுத்துப்போகலாம். மற்றவர்களுக்கு மூன்றுதான். பேராசிரியருக்குச் சான்றிதழ்மேல் கண். மெக்கானிக்குக்கு அந்தப் பத்துப் புத்தகத்தின்மேல். “ரிசல்ட் எப்ப மேடம்?” என்று இதுவரை ஐந்து முறை கேட்டுவிட்டார்.

“படிவத்துல என்ன எழுதியிருக்கான் பாருங்க” என்றார் பேராசிரியர்.

‘உங்களுக்குப் பிடித்த புத்தகம் எது?’ என்ற கேள்விக்குப் பேராசிரியர் பன்னிரண்டு புத்தகங்களை எழுதியிருந்தார். ஒவ்வொன்றையும் தூக்கவே இரண்டு கை வேண்டும். மெக்கானிக் எழுதியிருந்தது ஒரே வரி: ‘இப்போ கையில இருக்கறது.’

“ஒரு பேர்கூட எழுதத் தெரியல. இவன் எடுத்துட்டுப் போறான், கொண்டாந்து வைக்கறான், எண்ணிக்கை ஏறுது. அவ்வளவுதான்!”

நூலகர் அம்மாளுக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. இருபது வருட அனுபவத்தில் அவர் கண்டது, பரீட்சைக்குப் படிக்க வருகிறவர்கள் பாதி, மின்விசிறிக்காக வருகிறவர்கள் மீதி. சும்மா ஆசைக்குப் படிக்கிற ஆள் இன்னும் மிச்சமிருக்கிறார் என்பதே அவருக்கு நம்பும்படியாக இல்லை.

சரியாக அந்த நேரம் பார்த்து மெக்கானிக் வந்து நின்றார். சட்டைப்பையில் ஸ்குரூ டிரைவர். கையை இரண்டு தடவை பேன்ட்டில் துடைத்துவிட்டுத்தான் பையிலிருந்து அந்தத் தடி நாவலை எடுத்து வைத்தார். அவருக்குப் பின்னால், கழுத்தில் அளவு டேப்போடு ஒரு தையல்காரம்மா. கையில் முன்பதிவுச் சீட்டு.

“அப்பாடா, வந்துடுச்சா! மூணு வாரமா இதுக்குத்தான் மேடம் நடையா நடக்கறேன்” என்றார் தையல்காரம்மா.

“இருங்கம்மா, ஒரு நிமிஷம்.” நூலகர் அம்மாள் புத்தகத்தின்மேல் கையை வைத்துக்கொண்டார். போன மாதம்தான் அவரே அதைப் படித்து முடித்திருந்தார். “ஏங்க, இதை முழுசா படிச்சீங்களா?”

“படிச்சேனே மேடம்.”

“அப்ப சொல்லுப்பா” என்று பேராசிரியர் பாய்ந்தார். “கதையில ஒரு டாக்டர் செத்துப்போறாராமே, அவரைக் கொன்னது யாரு?”

மெக்கானிக் பின்னால் திரும்பிப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

“மேடம், கொஞ்சம் தனியா வந்து சொல்றேனே?”

“தனியாவா?” பேராசிரியர் சிரித்த சிரிப்பில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாலு பேர் நிமிர்ந்தார்கள். ஒருவர் விழித்தே விட்டார். “எதுக்கு, கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கவா?”

“தெரிஞ்சா இங்கேயே சொல்லுங்க. இல்லேன்னா லிஸ்ட்லேருந்து பேரை எடுத்துடுவேன்” என்றார் நூலகர் அம்மாள்.

மெக்கானிக் மறுபடியும் தையல்காரம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்த… வக்கீல் இருக்கானே. அவன்தான் கொன்னான்.”

பேராசிரியர் நூலகர் அம்மாளின் முகத்தைப் பார்த்தார். அம்மாள் அவருக்கு மட்டும் தெரியும்படி இல்லையென்று லேசாகத் தலையசைத்தார். பேராசிரியருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பரிசு வாங்கும்போது போட்டுக்கொள்ள வேண்டிய கோட்டைப் பற்றி அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

தையல்காரம்மாதான் கொதித்துப் போனார்.

“அடப்பாவி மனுஷா! மூணு வாரம் காத்துக்கிடந்தேன், இப்படிப் போட்டு உடைச்சிட்டீங்களே! வக்கீல்தான்னு தெரிஞ்சப்புறம் இதை நான் எதுக்குப் படிக்கணும்? நல்லா இருப்பீங்களா?”

“மன்னிச்சுக்கங்கம்மா. வாயை வச்சிட்டுச் சும்மா இருக்கத் தெரியல. இருந்தாலும் படிங்க, நல்லா இருக்கும்.”

“ஆமா, இவர் சர்ட்டிபிகேட் வேற!”

முணுமுணுத்துக்கொண்டே அந்தம்மா புத்தகத்தில் முத்திரை போட்டு வாங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். பேராசிரியர் வீட்டுக்குப் போன் செய்யத் தாழ்வாரத்துக்குப் போனார். நூலகர் அம்மாள் சிவப்புப் பேனாவை எடுத்து, பட்டியலின் முதல் வரியை ஒரே இழுப்பாக அடித்தார்.

“படிக்கலேன்னா படிக்கலேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். புளுகினதும் இல்லாம அந்தம்மா வாயிலயும் விழணுமா? வெக்கமா இல்லையா உங்களுக்கு?”

மெக்கானிக் தன் பேர்மேல் விழுந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தார். ஆசைப்பட்டது கைவிட்டுப் போன முகம் அது, மறைக்கவும் தெரியவில்லை. பிறகு மேஜைமேல் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

“கொன்னது டாக்டரோட அக்கா மேடம். இருநூத்தி அறுபதாம் பக்கத்துல எல்லாரும் சாவியைத் தேடறாங்க, அவ மட்டும் தேடலை பாருங்க. எனக்கு அங்கேயே பொறி தட்டிடுச்சு.”

நூலகர் அம்மாள் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தார்.

“பின்னே ஏங்க வக்கீல்னு…”

“ஸ்ஸ்! அந்தம்மா இன்னும் வாசல்லதான் நிக்கறாங்க. வக்கீல்னே நம்பிட்டுப் போகட்டும், கடைசி அத்தியாயத்துல தூக்கிவாரிப் போடும். அந்தச் சுகத்தைக் கெடுத்துட்டு எனக்கு எதுக்கு மேடம் பத்துப் புத்தகம்?”