போர்வைக்குள் மாவு

இரவுப்பணி முடித்து வந்த நர்ஸ் லோர்னா, ஒரு ஷூவை மட்டும் கழற்றிய காலோடு, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து அக்டோபர்க் குளிரில் விறைத்த சமையலறையில் நின்று கிண்ணத்தின் துணியை விலக்குகிறாள். நேற்று மாலை பூசணியும் பட்டைத்தூளும் சேர்த்துப் பிசைந்து புளிக்க வைத்த மாவு பொங்காமல் கல்லாய்க் கிடக்கிறது. பத்து மணிக்குத் தேவாலய விருந்துக்கு நாற்பது டோனட் போயாக வேண்டும். "இங்க கொண்டா, போர்வைக்குள்ள வச்சா பொங்கிரும்," என்கிறான் படுக்கையிலிருந்து கணவன் எம்மெட். "நீதான் ராத்திரி பக்கத்துல இருக்கறதில்ல, அதுவாவது இருக்கட்டும்." "வாய மூடு," என்று கிண்ணத்தைக் கொண்டுபோய்ப் படுக்கையில் அவனுக்கும் தனக்கும் நடுவில் போர்வைக்குள் வைத்தவள், "அஞ்சே நிமிஷம்," என்று அதை அணைத்தபடி சாய்கிறாள். சன்னல் வெயில் மேப்பிள் இலைகளின் சிவப்போடு சுவரில் ஏறுகிறது. மாவு துணியை முட்டித் தூக்குகிறது. எம்மெட் அவளை எழுப்பவில்லை. கிண்ணத்தை மட்டும் மெல்ல உருவிக்கொண்டு போகிறான். எண்ணெய்ச் சட்டி அடுப்பேறும் சத்தம் கேட்கிறது. அவள் கை, கிண்ணம் இருந்த சூடான பள்ளத்தை அணைத்தபடியே கிடக்கிறது.