சிங்கப்பூர் வழியாவே வா!

“மெல்போர்ன்லேர்ந்து மெட்ராஸ் எவ்ளோ தூரம்டா கிஷோர்?”

வாட்ஸ்அப் காலில் அப்பா கோவிந்தன் கேட்டதும் கிஷோருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெல்போர்னில் இருந்திருந்தால் டக்கென்று சொல்லியிருப்பான். அவன் இருந்ததோ பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைமாடி அறையில்.

வேலை போய், ஊர் திரும்பி இரண்டு மாதமாகிறது. ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் பெற்றோரிடம் சொல்ல வாய் வரவில்லை. நாளை சாயங்காலம் தங்கை ஜெயப்பிரியாவுக்கு நிச்சயதார்த்தம். ‘ஆஸ்திரேலியா அண்ணன்’ போயே தீர வேண்டும். விஷயம் தெரிந்தால் அம்மா ஒப்பாரி வைத்து ஊரைக் கூட்டிவிடுவாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மானம் கப்பலேறிவிடும்.

“ஒரு ஆறாயிரம் கிலோமீட்டர் இருக்கும் நைனா.”

“இன்னாடா உளர்ற? எட்டாயிரத்து எழுநூறு! போன்ல தட்டிப் பார்த்துட்டேன். சிங்கப்பூர்ல எறங்கி வேற பிளைட் மாறுவ, இல்ல?”

“இல்ல, துபாய் வழியா...”

“துபாய் எங்க கீது, நீ எங்க கீற? தலையைச் சுத்தி மூக்கைத் தொடாத. சிங்கப்பூர் வழியாவே வா.”

“சரி நைனா.”

“காலைல ஏழு மணிக்கே ஊட்ல இருப்பேன்னு அம்மாகிட்ட சொன்னியாமே? எப்படிடா? அந்த பிளைட் எட்டு மணி நேரம், இந்த பிளைட் நாலு, நடுவுல காத்துக்கினு கெடக்க மூணு. இப்போ ஏறினாக்கூட நாளைக்குப் பத்து மணிக்குத்தான் மீனம்பாக்கம். ஊட்டுக்கு வர பன்னெண்டு ஆயிடும். நான் ஏர்போர்ட்டுக்கு வரட்டா?”

“ஐயோ, வேணாம் நைனா! டாக்சியில வந்துடறேன்.”

“சரிப்பா.”

கிஷோர் பெருமூச்சு விட்டான். நல்லவேளை, கேள்வியையும் கேட்டு, பதிலையும் அவரே சொல்லிவிட்டார். இப்படி ஒரு வெள்ளந்தி மனுஷனை ஏமாற்றுகிறோமே என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு, தலையை வாரிக்கொண்டு, பெட்டியோடு டாக்சியில் குவார்ட்டர்ஸ் வாசலில் இறங்கினான். வீட்டுக்குப் போகும் வழியில், வேப்பமரத்தடியில் அப்பா தனியாக நின்றிருந்தார்.

மகனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து, விமானத்தில் ஏற்றும் பெட்டிகளுக்கு மாட்டும் நீளமான வெள்ளைச் சீட்டு ஒன்றை எடுத்து, கிஷோரின் பெட்டிப் பிடியில் சுற்றி ஒட்டினார்.

“நம்ம பக்கத்து ஊட்டு யூசுப் போன வாரம் சிங்கப்பூர்லேர்ந்து வந்தான்ல, அவன் பெட்டியில இருந்தது. பேரை உள்பக்கமா மடிச்சுட்டேன்.”

“நைனா...”

“போன மாசமே பாடி பஸ் ஸ்டாப்புல உன்னைப் பார்த்துட்டேன். போனா போவுது, வேற வேலை கெடைக்கும். மொதல்ல அந்தச் சட்டையைக் கசக்கி விடு. பதினஞ்சு மணி நேரம் ஒக்காந்துகினு வந்தவன் சட்டை இப்படியா இஸ்திரி கலையாம இருக்கும்?”